வேலைக்குப் போகும் கிறிஸ்தவப் பெண் தன் விசுவாசத்தைத் தினமும் எப்படி வாழ்வது?

கேட்டவர் கூடவே எழுதியிருப்பது இது: விடியுமுன் எழுந்தும் தனி ஜெபத்துக்கு நேரம் கிடைப்பதில்லை, சபையில் மற்ற அக்காமாரைப் பார்த்தால் தான் மட்டும் பேருக்குக் கிறிஸ்தவள் போல இருக்கிறதாம்.

அந்த அக்காமாரைப் பார்த்து மிரளாதீர்கள் சிஸ்டர். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்ச் சபைகளில் அன்னையர் தினம் வந்தாலே நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம்தான். இருட்டோடே எழுந்து, நூல் நூற்று, நிலம் வாங்கி, இரவிலும் விளக்கு அணையாமல் உழைக்கிற பெண். பிரசங்கம் முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு ரோஜா கையில், ஆளுக்கொரு குறை மனசில். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவதே லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தியோடு. 10 முதல் 31 வரை உள்ள 22 வசனங்கள் எபிரெய மொழியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்கும் ஒரு கவிதை. அதை ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டிய வேலைப் பட்டியலாக்கியது நாம்தான். இன்னொன்று, 15ஆம் வசனத்தைப் பாருங்கள், அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள்! அவர்களுக்குரிய பங்கை அவள் கொடுத்தாள் என்றும் அதே வசனம் சொல்கிறது.

இந்த இடத்தில் பிரசங்கங்கள் நிற்பதில்லை. நான் நிற்பேன். நம்மில் பல வீடுகளில் இந்தோனேசியப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவளுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யார் அலமாரியில் இருக்கிறது? மலேசியாவில் 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி, தகுந்த அதிகாரமில்லாமல் அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். "ஓடிப் போயிடுவா" என்று சொல்லிப் பூட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் அவளையே தேநீர் போடச் சொல்லிக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவது எனக்கு ஒப்பவில்லை. சம்பளம் தேதி தவறாமல் போகிறதா, வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டா? அன்றாட விசுவாசம் என்று கேட்டால் நான் இங்கேதான் ஆரம்பிப்பேன். ஆபீஸும் அப்படித்தான். கிளைம் பாரத்தில் போகாத பயணத்துக்கு டோல் காசு எழுதாமல் இருந்தாலே போதும், மேசை மேல் வசன அட்டை வைக்க வேண்டிய அவசியமில்லை.

சரி, ஜெப நேரம். எனக்கு அது சுபாங் ஜெயாவிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே போகும் நேரம்தான். கண்ணை மூட மாட்டேன், ஹேண்ட்பேக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே. மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்று, ஒன்பது பேரைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவர். சமையல் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதாக 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஜானின் முறை வியாழக்கிழமை. இதை நான் ரயிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஆளுக்காக ஜெபம். திங்கள் மாமியார், செவ்வாய் மகள், இப்படிப் போகும். மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் லீவு என்பதால் அன்றுதான் அவருக்காக ஜெபிக்க மனசு வருகிறது.

அப்புறம் நம் வாட்சாப் குழு. "அந்த சிஸ்டர் வீட்டில் பிரச்சினை, ஜெபிச்சுக்கோங்க" என்று ஒரு செய்தி வரும். யார், என்ன, எத்தனை நாளாக என்பதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபித்தார்களா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். என்னைக் கேட்டால், பாதிக்கப்பட்டவள் சரி என்று சொல்லாமல் எந்த ஜெபக்குறிப்பும் குழுவுக்கு வரக்கூடாது. அதற்குப் பதில் அவளுக்கே ஒரு போன் போடுங்கள், அல்லது பிள்ளைகளை ஒரு மத்தியானம் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற விசுவாசி இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகள். அவள் எத்தனை கூட்டத்துக்குப் போனாள் என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் ஒரு வரியும் கிடையாது.

உங்களுக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. இந்த வாரம் ரயிலில் ஒரு பெயர், அது போதும். பெண்கள் ஐக்கியத்தில் யாராவது "எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறீங்க?" என்று கேட்டால், "ஏழு மணி ரயிலில்" என்று சொல்லிவிடுங்கள்.