எலக்ட்ரிக் கிட்டார் பாடியை வீட்டிலேயே செய்ய எந்த மரம் நல்லது?

ஆல்டரா, ஆஷா, மகோகனியா, இல்லை கைக்குக் கிடைக்கிற மரமே போதுமா, மரத்தை மாற்றினால் ஒலி எவ்வளவு மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை நான்கு பாடி செய்திருக்கிறேன், அதில் ஒன்று வீணாய்ப் போனது. அதை வைத்துச் சொல்கிறேன்: மரத்தின் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் அது நன்றாகக் காய்ந்திருக்கிறதா, அப்புறம் எடை எவ்வளவு, இந்த இரண்டும்தான் முக்கியம்.

ஒலியைப் பற்றி முதலில். அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல்பலகைதான் காற்றை அசைக்கிறது, அதனால் அங்கே மரம்தான் எல்லாம். எலக்ட்ரிக்கில் எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிர, கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் (காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பாகம்) சுருளில் மின்சாரம் உண்டாகிறது, ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிக்கப்பைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் நெருக்கினால் வருகிற மாற்றம், நான் ஆல்டரை விட்டு மகோகனிக்குப் போனபோது கேட்ட மாற்றத்தைவிடப் பெரிது. கைக்குக் கிடைத்த மரத்தில் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் செய்த 'லாக்' கிட்டாரின் நடுப்பகுதி நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் பைன் கட்டை. குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் அவர் அப்பாவும் 1963-ல் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மேல்பலகையிலிருந்து வந்தது, பாடியில் பழைய மேசையின் ஓக் மரமும் பிளாக்போர்டும் (மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை) இருக்கின்றன. டேன்எலக்ட்ரோ கம்பெனி 1950-களில் மரச்சட்டத்தின் மேல் ஹார்ட்போர்டை ஒட்டியே கிட்டார் விற்றது. ஃபெண்டர் கம்பெனி 1956 வாக்கில் பெரும்பாலான கிட்டார்களை ஆஷிலிருந்து ஆல்டருக்கு மாற்றியபோதும் வேலைச் சௌகரியம் அதில் பெரிய காரணம்: ஆஷில் துளைகள் பெரிது, பெயிண்ட் அடிக்கும் முன் அத்தனையையும் ஃபில்லர் போட்டு அடைக்க வேண்டும். ஆல்டரில் அந்தத் தொல்லை கிடையாது.

சரி, வீணாய்ப்போன பாடியின் கதை. அது என் இரண்டாவது பாடி. நல்லாக் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், மேலே பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. அறுத்த முகத்தைக் கன்னத்தில் வைத்தபோது ஜில்லென்று இருந்தது, உள்ளே ஈரம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு பலகையை ஒட்டி, வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்டும் அடித்து முடித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒட்டின இடத்தில் விரலை ஓட்டினால் நகம் மாட்டியது. கழுத்து உட்காரும் பள்ளத்தின் மெல்லிய ஓரத்தில் முடி போல ஒரு வெடிப்பு. மேசைமேல் கவிழ்த்து வைத்தால் லேசாக ஆடியது, அதாவது பலகை குவிந்திருந்தது. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும், அதுவும் வளையங்களை ஒட்டிய திசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் வளைகிறது. அந்தப் பாடியைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை, எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பலகை வாங்கிய அன்றே எடை போட்டு, தேதியோடு பென்சிலால் பலகையிலேயே எழுதிவிடுகிறேன். சுவரில் சாய்க்காமல், அடியில் குச்சிகள் கொடுத்துக் காற்றுப் போகிற மாதிரி வைத்து, வாரம் ஒருமுறை மறுபடி எடை. எண் இறங்கிக்கொண்டே வந்தால் இன்னும் காய்கிறது, மூன்று நான்கு வாரம் அப்படியே நின்றால் அறுக்கலாம். சூளையில் காயவைத்து விற்கிற மரத்தில் ஈரம் 6 முதல் 8 சதவீதம் என்று சொல்வார்கள். அதையும் இரண்டு வாரமாவது வேலை செய்யப்போகும் அறையில் போட்டு வைக்க வேண்டும்.

அதே எடையிலிருந்து பாடி எவ்வளவு கனக்கும் என்றும் தெரிந்துவிடும். 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. கனம் உள்ள பலகை 4 கிலோ இருந்தால், ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வடிவத்தில் வெட்டியபின் பாதிக்குச் சற்று மேலே, சுமார் 2.2 கிலோ மிஞ்சும். கழுத்து, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), கம்பியை முறுக்கும் சாவிகள், பிக்கப் எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை கிலோ. மொத்தம் 3.7, தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்கலாம். அதே அளவுப் பலகை 6 கிலோவுக்கு மேல் இருந்தால், எவ்வளவு அழகான ரேகை ஓடினாலும் விட்டுவிடுங்கள். ரொம்ப லேசான மரமும் ஆகாது, பாடி இலேசானால் கழுத்துப் பக்கம் கீழே சாயும், இடது கை அதைத் தாங்கிப் பிடித்தே களைத்துப்போகும்.

முதல் கிட்டாருக்கு ஆல்டர், பாப்ளர், மகோகனி, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் யோசிக்காமல் எடுக்கலாம். பைன் எனக்குப் பிடிக்கும், அறுக்க எளிது, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், கணுவிலிருந்து பிசின் கசிந்து பெயிண்டைக் கெடுக்கும் என்பதால் அங்கே முதலில் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூச வேண்டும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. அதில் உள்ள சிலிக்கா உளியையும் ரௌட்டர் (மரத்தைக் குடையும் மின்கருவி) பிட்டையும் சீக்கிரம் மழுக்கிவிடும். ஒரே பலகையாகத்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம், நன்றாகப் பொருந்தி ஒட்டிய இரண்டு துண்டில் உடைந்தால் மரம்தான் உடையும், ஒட்டு உடையாது. எந்த மரமானாலும் ரௌட்டரை ஓட்டும்போது முகமூடி போடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன் இன்னொரு சோதனை. பலகையில் மிஞ்சப்போகும் ஓரத்தில் அளவாகத் துளை போட்டு, பிரிட்ஜுக்குப் போடப்போகும் அதே திருகாணியை முழுக்க முடுக்கிக் கழற்றி, மறுபடி முடுக்கிப் பாருங்கள். மூன்றாவது தடவையும் இறுக்கமாகப் பிடித்தால் அந்தப் பலகையில் பாடியின் வடிவம் வரைந்த தாளை ஒட்டலாம்.