ஆஷ்லண்டின் முனகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற கோடையில் ஆரிகன் மாநிலத்து ஆஷ்லண்டுக்கு ஷேக்ஸ்பியர் நாடக விழா பார்க்கப் போயிருந்தோம். அங்குள்ள திறந்தவெளி அரங்கில் நடிகர் சார்லஸ் லாட்டனின் ஆவி உலவுவதாகச் சொன்னார்கள். லியர் மன்னனாக நடிக்கும் ஆசை நிறைவேறாமலே இறந்துபோனாராம். பிறகு லியர் நாடகம் நடந்த இரவில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே ஒரு முனகல் கேட்டதாம். இதில் எவ்வளவு உண்மை? கூரையே இல்லாத இடத்தில் பேய்க்கு என்ன வேலை?

– ஆர்., போர்ட்லண்ட்

அன்புள்ள ஆர்.,

லாட்டன் இறந்தது 1962 டிசம்பர் 15. அதுவரை சரி. ஆனால் நிறைவேறாத லியர் ஆசை என்கிறார்களே, அது நிற்காது. 1959லேயே இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் லியராக நடித்துவிட்டார். ஆஷ்லண்டில் நடிக்கவில்லை என்ற குறை வேண்டுமானால் இருந்திருக்கலாம். பேய்க்கதைகளில் முதலில் சோதிக்க வேண்டியது பேயை அல்ல, தேதிகளை.

முனகலை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். அந்த இடத்தின் அமைப்பு அப்படி. முதலில் அங்கே இருந்தது ஷடாக்வா என்ற மக்கள் கல்வி இயக்கத்தின் சொற்பொழிவுக் கூடம். 1893இல் தொடங்கியது, 1917இல் பெரிய குவிமாடத்தோடு புதிதாக எழுந்தது. 1933இல் குவிமாடத்தைப் பிரித்தார்கள், வட்டச் சுவர் மட்டும் நின்றது. அதைப் பார்த்துத்தான் கல்லூரி ஆசிரியர் ஆங்கஸ் பௌமருக்கு எலிசபெத் காலத்து நாடகக் கொட்டகை நினைவுக்கு வந்தது. 1935 ஜூலையில் முதல் விழா. நகராட்சி கொடுத்தது 400 டாலருக்குள். நாடகத்தில் நஷ்டம் வரும் என்று பயந்து, பகலில் அதே மேடையில் குத்துச்சண்டை நடத்தினார்கள். கடைசியில் குத்துச்சண்டையின் நஷ்டத்தை நாடக வசூல்தான் அடைத்தது!

அந்த வட்டச் சுவர் இன்றும் இருக்கிறது. உள்வளைந்த சுவர் ஒலியைச் சிதறவிடாது. வளைவை ஒட்டியே கொண்டுபோய் எங்கோ ஓரிடத்தில் குவிக்கும். காதில் விழும் திசை வேறு, சத்தம் பிறந்த இடம் வேறு. பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஜூலையிலும் அங்கே பின்னிரவில் 15க்குக் கீழே போகும். பகலெல்லாம் காய்ந்த மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும்போது முனகத்தான் செய்யும். தரையொட்டிய காற்று முதலில் குளிர்வதால், மேலே போகவேண்டிய தூரத்துச் சத்தம் வளைந்து கீழே இறங்கும். பக்கத்துப் பூங்காவில் ஓடையும் உண்டு. 1992இல் இருக்கைகளைச் சுற்றிப் புது மண்டபம் கட்டியதற்கு ஒலிப் பிரச்சினையும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த பேய் வேறு. 1959இல் அங்கே கட்டிய மேடைக்கு மாதிரி லண்டனின் ஃபார்ச்சூன் கொட்டகை. அதன் ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது: தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட், 1600 ஜனவரி, 440 பவுன். வெளிச்சுற்று 80 அடிச் சதுரம், முற்றம் 55 அடி, மேடை 43 அடி அகலம், முற்றத்தின் பாதிவரை நீளும். இணைத்திருந்த வரைபடம்தான் தொலைந்துவிட்டது. கட்டச்சொன்ன இருவரில் ஒருவர் எட்வர்ட் ஆலின், மார்லோவின் நாடகத்தில் பிசாசுக்கு ஆன்மாவை விற்கும் டாக்டர் ஃபாஸ்டஸாக நடித்துப் பேர் வாங்கியவர். எக்ஸெட்டரில் அந்த நாடகம் நடந்தபோது மேடையில் பிசாசு வேடங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருந்ததாம். ஆட்டத்தை நிறுத்தி, ராத்திரி முழுக்க ஜெபம் செய்து, விடிந்ததும் ஊரைவிட்டே போனார்களாம். ஆலினே மேடையில் நிஜப் பிசாசைக் கண்டு பயந்துதான் டல்லிச் கல்லூரியை நிறுவினார் என்று இன்னொரு கதை. அதை எழுதிவைத்தவர் பழங்கதைகளைத் திரட்டிய எழுத்தாளர் ஜான் ஆப்ரி, ஆலின் செத்து வெகுகாலம் கழித்து.

ஆலின் காலத்துக் கொட்டகைகளில் எல்லாம் மதிய வெயிலில் நடந்த நாடகங்கள் என்பதை மறக்கக்கூடாது. விளக்கை அணைத்துப் பயமுறுத்த வழியில்லை. பேய் வரவேண்டிய வழி மேடைப் பலகையில் வெட்டிய கதவு. அதன் அடியறைக்கே நரகம் என்று பெயர். கதவு கிறீச்சிட்டால் பேய் வருவதற்கு முன்பே சபை சிரித்துவிடும். அதனால் அந்த நேரம் பார்த்து மேலே இரும்புக் குண்டை உருட்டி இடி முழக்குவார்கள், அல்லது முரசு அடிப்பார்கள்.

மறுமுறை போனால் சுவரை ஒட்டிய பின்வரிசையில் இடம் கேளுங்கள். இடைவேளைக்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். கம்பளிச் சட்டை அவசியம். ஆகஸ்டில் போவதென்றால் காட்டுத்தீப் புகை நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்; 2018இல் புகையால் பல காட்சிகளை ரத்து செய்தார்கள், சிலவற்றைப் பள்ளி அரங்குக்கு மாற்றினார்கள்.