தாலியைக் கழற்ற மறுக்கும் அம்மாவுக்கு எம்ஆர்ஐ

சகோதரி, முதுகுவலிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறி வந்தும், தாலியைக் கழற்றமாட்டேன் என்று அம்மா அழுததாகவும், ஸ்கேன் இயந்திரத்தின் குழாயைக் கண்டதும் நடுங்கித் திரும்பிவிட்டதாகவும், அடுத்த தேதிக்கு மூன்று மாதம் ஆகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்தது. என் அம்மாவும் இப்படித்தான் தவித்தார்.

நாங்கள் முந்தைய நாள் மாலையே விளக்கேற்றி, தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்தோம். அப்பாதான் கட்டிவிட்டார். அம்மாவின் முகம் அப்போதே தெளிந்தது. எம்ஆர்ஐ வலுவான காந்தத்தால் படமெடுப்பது; கயிற்றில் உலோகம் இல்லாததால் ஸ்கேன் அறையிலும் தடை சொல்லவில்லை. மெட்டி, சேலை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

பயத்துக்கு, உள்ளே போகும் முன்பே கண்ணைத் துணியால் மூடச் சொல்லுங்கள். பாதி வழியில் மூடினால் பயன் குறைவு. கையில் தரும் ரப்பர் பந்தை அழுத்தினால் உடனே வெளியே எடுப்பார்கள் என்பதைத் தமிழில் நீங்களே விளக்குங்கள். 60 செ.மீ. குழாய்க்குப் பதில் 70 செ.மீ. அகலமுள்ள இயந்திரம் உண்டா, லேசான மயக்க மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்குள் வேறு நோயாளி யாராவது வராமல்போனால் அந்த இடத்துக்கு அம்மாவை அழைக்கும்படி, ஸ்கேன் பிரிவில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். முதுகுவலியோடு கால் பலவீனமோ சிறுநீர் கட்டுப்பாடு இழப்போ வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.