சொட்டு மருந்தும் சந்தேகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா 2025 ஜனவரியில் அறிவித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. அடுத்த பெருந்தொற்றின்போது அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வேலை செய்யுமா? அறிவியலுக்கு நாடு கிடையாது, மனிதநேயம் ஜெயிக்கும் என்று நம்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சீனா பற்றி எனக்கு ஜோசியம் தெரியாது. மனிதநேயம் மேடைக்கு நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும். சில வாரங்களாக என் மண்டையில் ஓடுவது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ.

அமெரிக்கரான ஆல்பர்ட் சாபின் சொட்டு மருந்தைச் செய்துவிட்டார். ஆனால் 1955 முதல் அங்கே பிள்ளைகளுக்கு சால்க் என்பவர் செய்த போலியோ தடுப்பூசியைப் போட்டுவந்தார்கள். பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வழியில்லை. ரஷ்யாவிலோ நோய் பரவிக்கொண்டிருந்தது. சோவியத் கிருமி ஆராய்ச்சியாளர் மிகயீல் சுமகோவ் 1956-இல் அமெரிக்கா போனார். பிறகு சாபின், மருந்துக்காக வீரியம் குறைத்த தன் கிருமி வகைகளை அவருக்குக் கொடுத்தார். பனிப்போர்க் காலம்! இருவருக்கும் காரியம் ஆக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சுமகோவ் முதலில் தன் பிள்ளைகளுக்கே கொடுத்தார். 1959-இல் சோவியத்தில் ஒரு கோடிப் பேருக்கும் மேல் மருந்து போனது, மிட்டாயாகவும்கூட.

இனிமேல்தான் விஷயம். மருந்து வேலை செய்கிறது என்று சோவியத் சொன்ன கணக்கை அமெரிக்காவில் பலர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதே 1959-இல் உலக சுகாதார நிறுவனம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் போலியோ ஆராய்ச்சியாளர் டோரத்தி ஹார்ஸ்ட்மனை அங்கே அனுப்பியது. எதிரி நாட்டுக்காரிதான். உள்ளே விட்டார்கள். பார்த்தார், வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று எழுதினார். 1961-இல் அமெரிக்காவே அந்த மருந்துக்கு அனுமதி தரத் தொடங்கியது. சந்தேகப்படுகிறவன் வந்து பார்க்க ஒரு கதவு இருந்தது, ஐயா. உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகி இப்போது சாத்துவது அந்தக் கதவை. நீங்கள் என்னடாவென்றால் அன்பு குறைந்துவிட்டதே என்று கண்ணைக் கசக்குகிறீர்கள். கதவைக் கேளுங்கள். யார் உள்ளே போகலாம், எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேளுங்கள்.

என் சித்தப்பாவுக்கு 1962-இல் இடது கால் சூம்பியது. மூன்று வயது. ரஷ்யப் பிள்ளைகள் மிட்டாய் தின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் போலியோ முகாம் போட ஆரம்பித்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்து வருவார். அவர் வாயில் வந்த திட்டுகளை இங்கே எழுத முடியாது. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்த என்னைக் காதைத் திருகிக் கொண்டுபோனார். சொட்டு உள்ளே போனதும் சட்டைப்பையைத் துழாவி ஒரு தேன் மிட்டாய் கொடுத்தார்.