நுவரெலியாவில் இறைச்சிக்குப் பதிலாக வீட்டில் மீன் சமைப்பது சரிவருமா?

தாராளமாக. மலையில் இறைச்சியைவிட மீனே இலகு. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் இறைச்சி வேகத் தாமதமாகும். மீன் துண்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

கவனம் தேவைப்படுவது வாங்கும்போதுதான். கடல்மீன் கீழேயிருந்து லொறியில் ஏறி வருகிறது. சூரை, கெலவல்லா (மஞ்சள் துடுப்புச் சூரை) போன்றவை ஐஸில் சரியாக இல்லாவிட்டால் ஹிஸ்டமின் என்ற, உடலுக்கு ஒத்துக்கொள்ளாத நச்சுப்பொருள் உண்டாகும்; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்ப வேண்டும். கொஞ்சம் சந்தேகமென்றாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் பக்கம் திலாப்பியா புதிதாகக் கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள், உப்போடு கொறக்காய்ப்புளியை அரைத்துப் பூசிக் கால் மணிநேரம் வைத்தால் சேற்றுவாடை குறையும். குழம்பு கொதித்த பிறகே துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள்.