ஆலை நெட்வொர்க் ஸ்விட்சில் பாஸ்வேர்டு கசிகிறதாம். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா, ஸ்விட்சையே மாற்ற வேண்டுமா?

முதலில் கசிகிற வழியை அடைத்துவிடுங்கள், பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றுங்கள். இந்த வரிசை மாறினால் புதுப் பாஸ்வேர்டும் பழையது போன வழியிலேயே போகும். ஸ்விட்சை மாற்றுவதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் கப்பலூர் சிட்கோவிலும் வேடசந்தூர்ப் பக்கத்து மில்களிலும் பேனல், நெட்வொர்க் வேலை பார்ப்பவன். நீங்கள் எழுதியிருப்பது இங்கே பல இடங்களில் உள்ள நிலைமைதான்: நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஷெட்டில் பழைய மேனேஜ்டு ஸ்விட்ச்சுகள் (லாகின் செய்து அமைப்பை மாற்றக்கூடியவை), இன்டர்நெட் இணைப்பு கிடையாது, ஆடிட்டுக்கு வந்தவர் 'பாஸ்வேர்டு வெளிப்படும் குறைபாடு' என்று ஒரே வரி எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடம் சிவிஇ எண்ணை, அதாவது வெளியே தெரிந்த ஒவ்வொரு பாதுகாப்புக் குறைக்கும் தரப்படும் அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத ஆடிட் அறிக்கை பாதி வேலை என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு வியாதிகள் ஒளிந்திருக்கலாம்; மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, கம்பியில் கசிவது. 2019-இல் மோக்ஸா நிறுவனத்தின் ஐகேஎஸ், இடிஎஸ் வரிசை ஸ்விட்ச்சுகளைப் பற்றி அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. அதில் சிவிஇ-2019-6526 என்பது, அட்மின் பாஸ்வேர்டு உட்பட முக்கியத் தகவல்கள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் அப்படியே போகின்றன என்பது. 6563 என்பது எம்டி5 என்ற பழைய கணக்கீட்டு முறையில் உருவாக்கிய, ஊகிக்கக்கூடிய குக்கி (லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் சிறு குறிப்பு). அதைப் பிடித்தால் பாஸ்வேர்டு வரை போகலாம். 6518 என்பது பாஸ்வேர்டு ஸ்விட்சுக்குள்ளேயே வெறும் எழுத்தாகக் கிடப்பது; இது கம்பியில் அல்ல, சேமிப்பில் உள்ள ஓட்டை. மூன்றும் ஒரே எச்சரிக்கையில் வந்தவை. 20 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தாலும் முதல் ஓட்டைக்கும் மூன்றாவது ஓட்டைக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

"ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்குக் காட்டாதே, எப்படித் திருடுவான்?" என்று எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சும்மா லேப்டாப்பைச் செருகினால் தெரியாதுதான். ஆனால் அதே விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கிற ஒரு கம்ப்யூட்டர், முகவரி கேட்கும் ஏஆர்பி முறையில் பொய்ப் பதில் சொல்லி, 'நான்தான் அந்த ஸ்விட்ச்' என்று உங்கள் லேப்டாப்பை நம்ப வைத்தால் எல்லாம் அதன் வழியாகப் போகும். வைரஸ் ஏறிய ஒரு ஸ்காடா கம்ப்யூட்டர் (மெஷின்களைக் கண்காணிப்பது) போதும்.

இரண்டாவது, ஃபைலில் கசிவது. நம் பக்கத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்பேன். சீமென்ஸின் ஸ்கேலன்ஸ் எக்ஸ் வரிசை ஸ்விட்ச்சுகள் சிலவற்றில் பாஸ்வேர்டு மீட்டெடுக்கக்கூடிய வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்தது (சிவிஇ-2019-6567). கான்ஃபிக் பேக்கப், அதாவது ஸ்விட்சின் அமைப்புகளை நகலெடுத்து வைத்த ஃபைல், கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் கிடைத்த மாதிரி. சிஸ்கோவின் 'டைப் 7' பாஸ்வேர்டும் இதே கதைதான். பார்க்கக் கிறுக்கலாக இருக்கும், நொடியில் பிரித்துவிடலாம்.

இப்போது உங்கள் மில்லின் கான்ஃபிக் பேக்கப் எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசியுங்கள். கமிஷனிங் செய்தவரின் லேப்டாப்பில், மெயின்டனன்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில், "அண்ணே, அந்த ஃபைலை ஒருதரம் அனுப்புங்க" என்று கேட்டவருடைய போனில், ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கும் பென்டிரைவில். மெஷின் நின்றால் அவசரத்துக்கு வேண்டுமே என்றுதான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், தப்பான எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் வீட்டுச் சாவியை நகலெடுத்துத் தெருவெல்லாம் கொடுத்துவிட்டுப் பூட்டை மட்டும் பெரிதாக மாற்றுவதில் அர்த்தமில்லை. இதில் இன்னொரு சங்கடம், ஒரே சப்ளையர் தான் போகிற மில்லுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுவது. அடுத்த மில்லின் ஃபைல் கசிந்தால் உங்கள் கதவும் திறக்கும்.

மூன்றாவது, தயாரித்தவரே வைத்த கள்ளக் கதவு. கனடாவின் ரக்டுகாம் ஸ்விட்ச்சுகளில் 'ஃபேக்டரி' என்று ஒரு கணக்கு இருந்தது. அதன் பாஸ்வேர்டை மேக் முகவரியிலிருந்தே (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) கணக்குப் போடலாம். அந்த மேக் முகவரியை லாகின் திரையே காட்டிக்கொண்டிருந்தது! துணை மின் நிலையங்களில் ஓடும் சாதனம் இது. ஜஸ்டின் கிளார்க் என்ற ஆய்வாளர் பழைய சாதனங்களை வாங்கிப் பிரித்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். 2012-இல் விஷயம் பகிரங்கமானது. இந்த வகைக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் தவிர வேறு மருந்து கிடையாது.

'ஸ்விட்ச்தானே, மெஷினா என்ன?' என்ற சமாதானமும் வேண்டாம். உள்ளே நுழைந்தவன் ரிங் பாதுகாப்பை (வட்டமாகப் போட்ட கேபிளில் தகவல் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுப்பது) நிறுத்தினாலே போதும். கேபிள் வட்டமாக இருப்பதால் ஒரே தகவல் பெருகிப் பெருகிச் சுற்றும் பிராட்காஸ்ட் புயல் கிளம்பி, மெஷினை இயக்கும் பிஎல்சிக்கும் ஆபரேட்டர் பார்க்கும் எச்எம்ஐ திரைக்கும் தொடர்பு அறுந்துவிடும். 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனபோது, தாக்கியவர்கள் சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் (பழைய கருவிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டிகள்) ஃபர்ம்வேரை அழித்துவைத்தார்கள். ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரைப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே செய்ய வேண்டியது: ஃபர்ம்வேர் இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள், ஆயுதபூஜை, தீபாவளி மாதிரி மில் நிற்கும் நாளில். பிறகு மறையாக்கம் இல்லாத டெல்நெட்டையும் எச்டிடிபியையும் நிறுத்தி, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ் மட்டும் வையுங்கள். பழைய ஸ்விட்ச்சுகளில் ஒரு தொல்லை வரும்: அவற்றின் பழைய டிஎல்எஸ்ஸை (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறை) புது பிரவுசர் ஏற்காது, நம் ஆட்கள் சலித்துப்போய் எச்டிடிபிக்கே திரும்பிவிடுவார்கள். அதற்கு வெப் பக்கத்தையே மூடிவிட்டு ஸ்விட்சில் நேராகச் செருகும் கன்சோல் கேபிளில் வேலை பார்ப்பது மேல். ஸ்விட்சைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பியின் முதல், இரண்டாம் பதிப்புகளின் 'பப்ளிக்', 'பிரைவேட்' சொற்களும் வெறும் எழுத்தில் போகும் பாஸ்வேர்டுதான்; தேவையில்லை என்றால் நிறுத்துங்கள், தேவை என்றால் மூன்றாம் பதிப்பை மறையாக்கத்தோடு போடுங்கள். நிர்வாகத்துக்குத் தனி விலான். இவ்வளவும் முடிந்த பின் பாஸ்வேர்டை மாற்றி, ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் வேறு வேறாக வையுங்கள். புது பேக்கப் ஒரே இடத்தில், பூட்டிய நிலையில்.

ஃபர்ம்வேரும் வராது, மறையாக்கமும் கிடையாது என்ற ஸ்விட்சை மட்டும் மாற்றுங்கள். அதிலும் மொத்த நெட்வொர்க்கும் சந்திக்கும் நடு ஸ்விட்ச் முதலில். மெஷின் ஓரத்தில் இருப்பது அடுத்த வருட பட்ஜெட்டுக்குக் காத்திருக்கலாம். கழற்றிய ஸ்விட்சைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். ஸ்கேலன்ஸ் என்றால் பின்பக்கம் பாருங்கள். சி-பிளக் என்ற சின்ன மெமரி செருகியிருக்கலாம். கான்ஃபிக் அதில்தான் இருக்கும், உருவி வைத்துக்கொள்ளுங்கள்.