ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பை நாமே சுவிட்ச் வைத்துப் போடலாமா? வேகம் கூடுமா?

போடலாம், வேகமும் கூடும். லாக்-அப் என்பது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைப்பது. ஆனால் எந்த கியரில், எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேரம் தப்பினால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது 1987 பியூக் கிராண்ட் நேஷனல் ஒன்றில். இங்கே அமெரிக்காவில் பக்கத்து வீட்டுப் பெரியவருடைய வண்டி. 3.8 லிட்டர் வி6 டர்போ, 245 குதிரைத்திறன், 200-4ஆர் என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கால் மைல் பந்தயம் ஓட்டுகிறவர்களிடம் இந்த சுவிட்ச் பழக்கம் நெடுநாளாக உண்டு.

கன்வெர்ட்டருக்குள் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேராகப் பிணைந்திருக்கவில்லை, நடுவில் ஆயில்தான். எஞ்சின் பக்கத்து இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது, அந்த வீச்சில் டர்பைன் சுழல்கிறது. வண்டி கிளம்பும்போது நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் ஆயிலைத் திருப்பிவிட்டு டார்க்கை (சுழற்றும் விசையை) ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். அந்த உதவிக்காக கன்வெர்ட்டருக்குக் கும்பிடு போடலாம். வேகம் பிடித்த பிறகு பெருக்கம் நின்றுவிடும், வழுக்கல் மட்டும் மிஞ்சும்.

எவ்வளவு வழுக்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்த வண்டிக்கு ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு சுற்றும் எண்ணிக்கை) 3.42, டயர் விட்டம் 26 அங்குலம். மூன்றாவது கியர் 1:1. மணிக்கு 100 மைலில் வழுக்கலே இல்லையென்றால் எஞ்சின் சுமார் 4,420 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓட வேண்டும். நாங்கள் பார்த்தபோது ஆர்பிஎம் மீட்டரின் முள் 4,800-இல் நின்றது. அதாவது கிட்டத்தட்ட 8 சதவீதம் வழுக்கல். எஞ்சின் 240 குதிரைத்திறன் கொடுத்தால் அதில் 19 ஆயிலைச் சூடாக்கவே போய்விடுகிறது.

லாக்-அப் கிளட்ச் அந்த இடைவெளியை அடைக்கிறது. ஆயில் அழுத்தம் கிளட்ச் தட்டை கன்வெர்ட்டரின் முன்மூடியோடு சேர்த்து இறுக்குகிறது. சுவிட்சைத் தட்டியதும் முள் சட்டென்று இறங்கும், இன்னொரு கியர் விழுந்த மாதிரி முதுகில் ஒரு தள்ளு. இந்த எஞ்சினுக்கு உச்ச பவர் 4,400 பக்கம் என்பதால் முள் இறங்குவது லாபம். உங்கள் எஞ்சின் 6,500-க்கு மேல்தான் உயிர் பெறும் என்றால், லாக் செய்து ஆர்பிஎம்மைக் கீழே இழுப்பது நஷ்டமாகவும் முடியலாம்.

வயரிங் எளிது. இந்த வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் 12 முனை டயக்னாஸ்டிக் கனெக்டர் இருக்கிறது. அதில் ஏ முனை எர்த், எஃப் முனை லாக்-அப் சோலினாய்டுக்கு (ஆயிலைத் திருப்பும் மின் வால்வுக்கு) போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். சோலினாய்டுக்கான 12 வோல்ட் பிரேக் சுவிட்ச் வழியாக வருவதால் பிரேக்கை மிதித்தால் லாக் தானாக விடும். அந்தப் பிரேக் இணைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். லாக் விடாமல் வண்டி நின்றால் எஞ்சின் அணைந்துவிடும்.

மூன்றாவது கியர் முழுதாக விழுந்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். லாக் போட்டபடி கியர் மாறினால் அதிர்ச்சியைத் தாங்க ஆயில் மெத்தை இல்லை, அடி நேராக கியர்பாக்ஸின் உள் கிளட்ச்களில் விழும். பந்தயக் கோட்டைத் தாண்டியதும், ஆக்சிலரேட்டரில் இருந்து கால் எடுக்கும் முன்னே, சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பெரியவர் ஒரு கோடையில் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டிவிட்டு, பழைய கன்வெர்ட்டரிலேயே ஃபுல் ஆக்சிலரேட்டரில் லாக் போட்டு ஓட்டினார். அதிலிருந்த ஒற்றைத் தட்டு கிளட்ச், நெடுஞ்சாலையில் மெதுவான காலோடு போவதற்கு உரியது. சில ஓட்டங்களில் முள் இறங்குவது நின்றுபோனது. நான்தான் கீழே படுத்து ஆயில் பேனைக் கழற்றினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி நிறத்தில் இருந்தது, கருகிய வாடை. அடியில் கறுப்புப் பொடி, விரலால் தேய்த்தால் மை போல ஒட்டியது. அது கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு. கியர்பாக்ஸில் ஆயிலைப் பங்கிடும் வால்வு பாடி வரைக்கும் போயிருந்தது. இப்போது பல தட்டு லாக்-அப் கன்வெர்ட்டரும் தனி ஆயில் கூலரும் போட்டிருக்கிறார்.

பிற்காலத்துக் கார்களுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் தேவையில்லை. லெக்ஸஸ் ஐஎஸ் எஃப் போன்ற வண்டி மேனுவல் மோடில் இரண்டாவது கியரிலிருந்தே தானாக லாக் செய்துகொள்ளும்.

உங்கள் வண்டி எது, ஆக்ஸில் ரேஷியோ, டயர் அளவு, 100 மைலில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். வழுக்கலைக் கணக்குப் போட்டு, சுவிட்ச் போடுவதில் பலன் உண்டா என்று சொல்கிறேன்.